மூன்று ஜோடி ஸ்பீக்கர், ஒரே சுவர்

2017-ல் முதல் ஜோடியை வாங்கினேன். இடுப்பளவு உயரமுள்ள ஃப்ளோர்ஸ்டாண்டர், அதாவது தரையிலேயே நிற்கும் ஸ்பீக்கர். கடையில் கேட்டபோது ஆண் குரல் நெஞ்சிலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்ததும் தொண்டையோடு நின்றுவிட்டது. பேஸ் உண்டு, ட்ரெபிள் தாராளம், நடுவில்தான் சதை இல்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "ஏண்டா, இவர் போன்ல பாடற மாதிரி இருக்கே?" என்றார். பழைய லேண்ட்லைன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் அனுப்பாது. அம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது, ஆனால் காது சரியாகச் சொல்லிவிட்டது.

எனக்குப் புரியவில்லை. முதலில் கேபிளை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர், சூடாகும் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பழைய பாணி. குளிர்காலத்தில் ஹால் கொஞ்சம் கதகதப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

2021-ல் இரண்டாவது ஜோடி, கெஃப் எல்எஸ்50 மெட்டா வந்தது. மேல் சுரங்களைத் தரும் ட்வீட்டர், கீழ்ச் சுரங்களைத் தரும் வூஃபரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் வடிவம். குரல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாக நான் கேட்டதில்லை. பாடுபவர், வயலின், தம்புரா என்று விரல் வைத்துக் காட்டலாம். ஆனால் அங்கேயும் குரல் மெலிவுதான். சின்னப் பெட்டி, 13 சென்டிமீட்டர் வூஃபர், இவ்வளவுதான் வரும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

2023-ல் மூன்றாவது ஜோடி, ஹார்பெத் காம்பாக்ட் 7. பிபிசியில் ஒலிபெருக்கி ஆய்வு செய்த டட்லி ஹார்வுட் 1977-ல் தொடங்கிய நிறுவனம். கனமான, அதிராத பெட்டி கட்டுவதுதான் பொதுவான போக்கு. இவர்கள் மெல்லிய பலகையில் கட்டி, உள்ளே அதிர்வடக்கும் பட்டைகளை ஒட்டி, மிஞ்சும் அதிர்வு குரலின் எல்லைக்குள் வராமல் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு வருடமாகக் கேட்கிறேன். மனிதக் குரலுக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்பீக்கர் என் கைக்கு வந்ததில்லை. நான்கு மணி நேரம் கேட்டாலும் காது வலிக்காது. முதல் வாரம் மட்டும் ஒரு சந்தேகம் உறுத்தியது. மற்ற இரண்டைவிட நிறைவுதான், ஆனாலும் கீழ் சட்ஜம் வரும் இடத்தில் பாடகர் ஓரடி பின்னால் போய்விடுகிறார். மூன்று ஜோடிக்கும் ஒரே இடத்திலா நோய் வரும்?

யூமிக்-1 என்ற ஒலி அளக்கும் மைக் வாங்கி, ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளை வைத்து அளந்தேன். வரைபடத்தில் 130 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம், அங்கே மட்டும் ஒலி 9 டெசிபெல் குறைவு. காரணம் தரையில் இருந்தது. எங்கள் ஹால் டைல்ஸில் சுவரிலிருந்து 65 சென்டிமீட்டரில் ஒரு கோடு ஓடுகிறது. பார்வைக்கு நேராக இருக்கட்டும் என்று எந்த ஸ்பீக்கர் வந்தாலும் அதன் முகத்தை அந்தக் கோட்டில் நிறுத்துவேன். பின்பக்கம் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்ப, போக வர 1.3 மீட்டர். 2.6 மீட்டர் அலைநீளமுள்ள ஒலிக்கு அது சரிபாதி. நேராக வரும் ஒலிக்கு எதிராக வந்து சேர்ந்து அதை அழித்துவிடும். நொடிக்கு 345 மீட்டர் வேகத்தில் கணக்குப் போட்டால் சுமார் 133 ஹெர்ட்ஸ். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் ஆதார சட்ஜம் 131! இத்தனை வருடம் என் வீட்டுச் சுவர் சட்ஜத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பகுதியின் சத்தத்தை மட்டும் ஈக்வலைசரில் ஏற்றிப் பார்த்தேன், பலனில்லை. நேர் ஒலியை ஏற்றினால் சுவரொலியும் கூடவே ஏறுகிறது. கடைசியில் முகம் 110 சென்டிமீட்டரில் வரும்படி முன்னால் இழுத்தேன். பள்ளம் 78 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது, மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்துக்கும் கீழே. மிருதங்கத்தின் தொப்பிக்கு, அந்தக் கனத்த இடப்பக்கத்துக்கு, அன்றுதான் உயிர் வந்தது. அதன் பிறகு தரையில் பவானி ஜமக்காளம் இரண்டு மடிப்பு, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. ஜமக்காளம் 130 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது, மேல் சுரங்களின் கூச்சத்தைத்தான் குறைக்கும். அது குறைந்தாலே நடுப்பகுதி தடித்த மாதிரி கேட்கிறது.

ஆர்வக்கோளாறில், தம்பிக்குக் கொடுத்திருந்த பழைய ஃப்ளோர்ஸ்டாண்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தேன். இந்த முறை மூன்றையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து கேட்டோம். மெட்டாவுக்கு 85, ஹார்பெத்துக்கு 86, ஃப்ளோர்ஸ்டாண்டருக்கு 90 டெசிபெல் உணர்திறன், அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு எழும் சத்தம்; வால்யூம் குமிழைத் தொடாமல் ஒப்பிட்டால் சத்தம் அதிகமுள்ளதுதான் ஜெயிக்கும். அளவு சமமானதும், குரலில் ஹார்பெத் முதலிடம். இடத் துல்லியத்தில் மெட்டாவை மற்ற இரண்டும் நெருங்கவில்லை. ஆனால் அந்த மெலிவு? ஃப்ளோர்ஸ்டாண்டரிலும் முக்கால்வாசி போயிருந்தது. நாதஸ்வரத்தோடு தவிலைப் பெரிய சத்தத்தில் வைத்தபோது ஹார்பெத் கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஃப்ளோர்ஸ்டாண்டர் வாங்கவில்லை. அதை விட்டுக்கொடுத்தது கொஞ்சம் வலித்தது. தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். "கொடுத்தது கொடுத்ததுதான்" என்று மாலையே வண்டியில் ஏற்றிவிட்டான்.

இப்போது ஒரே தொந்தரவு, 110 சென்டிமீட்டரில் ஸ்டாண்ட் நின்றால் பால்கனிக் கதவு பாதிதான் திறக்கும். தரையில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். பகலில் கோட்டுக்குப் பின்னால், ராத்திரி டேப்புக்கு. வீடு பெருக்குபவர் இரண்டு முறை டேப்பை உரித்துவிட்டார்.