பிள்ளை யார் வீட்டில்? மணவிலக்குக்குப் பின் மூன்று ஏற்பாடுகள்

கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதி வைக்கும் வழக்கம் உள்ள செட்டிநாட்டுச் சீமை இது. பிரியும்போதும் வெள்ளி, வைரம், எவர்சில்வர் என்று சாமான் பட்டியல் துல்லியமாக எழுதப்படும். பிள்ளை திங்கட்கிழமை காலை எந்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் என்பது மட்டும் "பாத்துக்கலாம்" என்று விடப்படுகிறது. பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லிலிருந்துதான் கிளம்புகின்றன.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு: ஒரு வீட்டில் நிரந்தரமாக இருந்துகொண்டு சனி, ஞாயிறு மறு வீடு; வாரம் மாற்றி வாரம்; பெற்றோர் இருவரும் வெளியூரில் இருக்க, பிள்ளை ஆயா (அம்மாவின் தாய்) வீட்டிலோ அப்பத்தா (அப்பாவின் தாய்) வீட்டிலோ.

வாரம் மாற்றி வாரம் என்பது கேட்க நியாயமாக இருக்கும். அது பெரியவர்களுக்கான நியாயம். இரண்டு வீடும் காரைக்குடிக்குள்ளேயே, பள்ளியிலிருந்து கால்மணி நேரத்துக்குள் இருந்தால் சரிவரும். ஒருவர் தேவகோட்டையில் என்றால் நாளும் போக வர நாற்பது கிலோமீட்டர். ஒரு மாதத்தில் பிள்ளை சோர்ந்துவிடும். காய்ச்சல், வீட்டுப்பாடம், தேர்வு பற்றி இருவரும் தினமும் பேசியாக வேண்டும். பேச்சே நின்றுபோன பெற்றோருக்கு இந்த வழி வேண்டாம்.

ஒரு வீடு, வார இறுதியில் மறு வீடு என்பதையே பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்வோம். இதில் கெட்டுப்போவது கைமாற்றும் நேரம்தான். முகப்பில் நின்று வாங்கிக் கொடுத்தால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிவிடுவார்கள், பழைய பேச்சு கிளம்பும். வெள்ளிக்கிழமை காலை ஒருவர் பள்ளியில் விட, மாலை மற்றவர் அங்கேயே அழைத்துக்கொள்ளட்டும். யாரிடம் பிள்ளையை அனுப்பலாம் என்று பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். சீருடை, செருப்பு, போர்வை, மருந்து இரண்டு வீட்டிலும் தனித்தனியாக இருக்கட்டும். பையில் போய் வருவது புத்தகமும் பிடித்த பொம்மையும் மட்டும். ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டினால் பிள்ளை இரண்டு வீட்டிலும் விருந்தாளியாகிவிடும்.

ஞாயிறு மாலை ஐந்துக்குள் திரும்பட்டும். அன்றிரவு அடம், வயிற்றுவலி, பேசாமல் இருப்பது எல்லாம் வரும். "அங்க என்ன செஞ்சாங்க?" என்று குடையாதீர்கள்; அது வீடு மாறிய களைப்பு. படுக்கையை நனைப்பதும் பள்ளிக்குப் போக மறுப்பதும் சில வாரம் தொடர்ந்தால் குழந்தை மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் இரண்டு முழுநாளைவிட வாரத்தில் மூன்று முறை, இரண்டிரண்டு மணி நேரச் சந்திப்பு நல்லது. 1956 ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் அந்த வயதில் பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது.

மூன்றாவது வழிதான் நம் ஊரில் இயல்பாக அமைந்துவிடுவது. பெரிய வீடு, ஆள் புழக்கம், வாய்க்கு ருசியான சாப்பாடு; குறை என்ன என்று தோன்றும். ஆனால் ஒரே நேரத்தில் அப்பச்சியும் (அப்பா) இல்லை, ஆத்தாளும் (அம்மா) இல்லை என்பது பிள்ளையின் கணக்கு. சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்தாலும் ஏறக்குறைய ஏழு மணி நேரம், ஆகவே வருகை தள்ளிப்போகும். வேறு வழியில்லை என்றால் கல்வியாண்டு முடியும்வரை என்று முடிவுத் தேதி வையுங்கள். இரவு ஏழரைக்கு இருவரில் ஒருவர் வீடியோ அழைப்பில் வர வேண்டும். பத்து நிமிடம் போதும், தவறக் கூடாது. பிள்ளை காதுபட மருமகனையோ மருமகளையோ குறை பேசுவதில்லை என்று பெரியவர்களிடம் வாக்கு வாங்குங்கள். தேதி, அழைப்பு, வாக்கு மூன்றில் இதுவே கடினமான வேலை.

எந்த வழியானாலும் செய்தியை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள்: "நாங்க ரெண்டு பேரும் இனி வேற வேற வீட்டுல இருக்கப் போறோம். உன்னால இல்லப்பா. பள்ளிக்கூடம் அதேதான். வெள்ளிக்கிழமை அப்பச்சி வருவாக." யாரோடு இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கேட்கலாம், அது நீதிபதியின் வேலை. உங்கள் அழுகைக்கு அக்காளோ தோழியோ ஆலோசகரோ இருக்கட்டும். எட்டு வயதுப் பிள்ளையை ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள்.

பரஸ்பர சம்மத மணவிலக்கில் மனுவுக்கும் இறுதி உறுதிமொழிக்கும் நடுவே ஆறு மாதம் உண்டு. தகுந்த வழக்கில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 இல் சொன்னது. ஏற்பாடு இன்னும் உறுதியாகவில்லை என்றால் தள்ளுபடி கேட்க அவசரப்படாமல், அந்த மாதங்களில் ஒருமுறை வெள்ளோட்டம் பார்ப்பது மேல். பிறகும் இந்துத் திருமணச் சட்டம் 26 ஆம் பிரிவில் மாற்றம் கேட்கலாம்.

ஒப்பந்தத்தில் கிழமை, மணி, பயணச் செலவு, விடுமுறை எல்லாம் எழுதும்போது நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பை விட்டுவிடாதீர்கள். மாவில் வைத்த நூல்திரியை ஏற்றி உண்ணும், அதாவது இழை எடுக்கும் அந்த ஒரு மாலையைப் பாதியாக வகுக்க முடியாது. ஓர் ஆண்டு ஒரு வீடு, மறு ஆண்டு மறு வீடு. கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் கணக்கு என்பதால் சில சமயம் டிசம்பரிலும் சில சமயம் ஜனவரியிலும் வரும். ஆங்கில ஆண்டை வைத்து எழுதினால் ஒரே ஆண்டில் இரண்டு நோன்பு விழுந்து தகராறாகும். "இந்தக் கார்த்திகைக்கு ஆயா வீடு, அடுத்த கார்த்திகைக்கு அப்பத்தா வீடு" என்றே எழுதுங்கள்.