மின்சாரம் தாக்கியபின் கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லையா? ஒரே ஓர் எக்ஸ்ரேயை நம்பிவிடாதீர்கள்

மின்சாரம் தாக்கிய பிறகோ, வலிப்பு வந்து தெளிந்த பிறகோ ஒருவருக்குத் தோள்பட்டை வலித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தபடி முன்கையை வெளிப்பக்கம் திருப்ப முடியாமல் போனால், முன்பக்கமிருந்து எடுத்த ஒரே ஓர் எக்ஸ்ரேயைக் காட்டி "எலும்பில் ஒன்றும் இல்லை" என்று யார் சொன்னாலும் அந்த அளவில் வீடு திரும்பிவிடாதீர்கள். என் தம்பிக்கு நேர்ந்தது வேறொரு வீட்டில் நேரக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

தம்பி விவசாயம் பார்க்கிறான். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தபோது மின்சாரம் தாக்கி, வலக்கை உடலோடு சேர்ந்து இறுகிவிட்டது. அருகில் இருந்தவர் மெயினை அணைத்ததால் பிழைத்தான். அவன் கீழே விழவில்லை, எதன்மீதும் மோதவும் இல்லை. நாங்கள் கொண்டுபோன தனியார் மருத்துவமனையில் உடனே இ.சி.ஜி. எடுத்து, இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று கண்காணித்தார்கள். அந்த வேலையை முறையாகவே செய்தார்கள். ஆனால் தோள் விஷயத்தில் முன்பக்கமிருந்து ஒரு படம் மட்டும் எடுத்துவிட்டு, "விழவே இல்லையே, மூட்டு எப்படி விலகும்? தசை இழுத்துப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்" என்று வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவர் கையைத் தொட்டு அசைத்துப் பார்க்கவில்லை. தோளின் வெளிப்பக்கத் தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று விரலால் தடவிக்கூடப் பார்க்கவில்லை. தோள் அடிபட்டு வருகிற எவருக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று அறிய முதலில் செய்யவேண்டிய எளிய சோதனை அது.

வலி குறையவில்லை என்று மறுபடியும் போனபோது, அதற்கு 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று பெயர் வைத்து, பிசியோதெரபிக்கு மொத்தமாக முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். அந்த நோயிலும் கை வெளிப்பக்கம் திரும்பாது என்பது உண்மைதான். ஆனால் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிவரும் நோய். காலையில் மண்வெட்டி பிடித்த கை, மின்சாரம் தாக்கிய அதே நிமிடத்தில் பூட்டிக்கொண்டதற்கு அந்தப் பெயரை வைக்க எந்த நியாயமும் இல்லை. இது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். மேசையில் படுக்கவைத்துக் கையை வலிந்து திருப்பியபோதெல்லாம் தம்பி அலறினான். "பொறுத்துக்கொண்டால்தான் சரியாகும்" என்றார்கள்.

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைக்கச் சொன்னார். இடக்கை திரும்பியது, வலக்கை திரும்பவில்லை. தோளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தார்: முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் புடைத்தும் இருந்தது. அக்குள் வழியாக ஒரு படம் எடுத்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை, அது பொருந்தியிருக்கும் தோள் மூட்டின் கிண்ணத்தைவிட்டுப் பின்பக்கமாக நழுவி, கிண்ணத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தது.

விழாமலே இது எப்படி நடக்கும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். கையை உள்பக்கம் திருப்பும் தசைகள், வெளிப்பக்கம் திருப்பும் தசைகளைவிட மிகவும் வலுவானவை. மின்சாரமோ வலிப்போ எல்லாத் தசைகளையும் ஒரே சமயத்தில் இறுக்கும்போது, வலுவான பக்கம் வென்று எலும்புத் தலையை உள்நோக்கிச் சுழற்றிப் பின்னால் தள்ளிவிடுகிறது. தோள் விலகல்களில் பெரும்பாலானவை முன்பக்கமாக நிகழ்பவை; பின்பக்கமாக விலகுவது நூற்றுக்கு இரண்டு முதல் நான்குதான். அரிது என்பதாலும், முன்பக்கப் படத்தில் ஏறக்குறைய இயல்பாகவே தோன்றுவதாலும், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் பரிசோதனையில் இது தவறிப்போகிறது என்று எலும்பியல் நூல்களே எச்சரிக்கின்றன. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயமும் அல்ல. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், வலிப்பு வந்த நோயாளியிடம் கண்ட இத்தகைய விலகலை 1839-லேயே எழுதிவைத்திருக்கிறார். எக்ஸ்ரே பிறப்பதற்கு முன்பே கண்ணாலும் கையாலும் கண்டறிந்ததை, எல்லாக் கருவிகளும் உள்ள ஓர் இடத்தில் தவறவிட்டார்கள்.

தாமதத்தின் விலை சி.டி. ஸ்கேனில் தெரிந்தது. கிண்ணத்தின் விளிம்பு அழுந்தி எலும்புத் தலையின் முன்புறத்தில் பள்ளம் விழுந்திருந்தது. மூட்டுப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சேதம். விலகி மூன்று வாரத்துக்குள், பள்ளம் சிறியதாக இருக்கும்போது கண்டுபிடித்தால், பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்து, கத்தி வைக்காமலே மூட்டை அதன் இடத்தில் சேர்த்துவிட முயலலாம். அந்தக் காலம் எங்களுக்குக் கடந்துபோயிருந்தது. தோளின் முன்பக்கத் தசைநாணை, அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டோடு பெயர்த்துப் பள்ளத்தில் பொருத்தித் திருகாணி போட்டார்கள். 1952-இல் மெக்லாலின் என்பவர் விவரித்த அறுவை சிகிச்சையின் திருத்திய வடிவம் இது. பள்ளம் பாதியளவை எட்டியிருந்தால் செயற்கை மூட்டுதான் வழி என்றார்கள். தம்பி இப்போது கையைத் தலைக்கு மேல் தூக்குகிறான். ஆனால் மூட்டு முழுமையாகச் சுழலவில்லை.

ஆகவே, தோளுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது வேறொரு கோணத்திலும், அதாவது அக்குள் வழியாகவோ தோள்பட்டை எலும்பின் பக்கவாட்டிலிருந்தோ ஒரு படம் எடுக்கும்படி கேளுங்கள். வலியால் கையைத் தூக்க முடியாவிட்டாலும் எடுக்கக்கூடிய முறைகள் உண்டு. படம் பார்க்காமல் கையை இழுத்துச் சேர்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே முறிவும் இருந்தால் அந்த இழுப்பே எலும்பை இரண்டாக்கிவிடும். கட்டுப் போடுபவர்களிடம் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். 

அந்த மருத்துவமனை எங்களுக்குப் படத்தைத் தர மறுத்தது. "ரிப்போர்ட் போதும்" என்றார்கள். போதாது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. எழுத்து மூலம் கேட்டு, கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிய பிறகே எங்களுக்குக் கிடைத்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பதால், சிகிச்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் ரசீதுகளையும் மருந்துச் சீட்டுகளையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

வலிப்பு நோயாளி உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். வலிப்பில் சில நேரம் இரண்டு தோள்களும் ஒன்றாகவே பின்பக்கம் விலகிவிடும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கை என்று ஒன்று இருக்காது. தெளிந்து எழுந்தவர் இரண்டு கைகளையும் மார்போடு ஒடுக்கிக்கொண்டு, சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகத் திணறினால், அசதி என்று விட்டுவிடாமல் அன்றே கொண்டுசென்று இரு தோள்களையும் படமெடுக்கச் சொல்லுங்கள்.