மலை போட்டோல ஏறுற நீலம்: ஆட்டோவா, ஐட்ராப்பரா, கர்வ்ஸா?

ஊட்டி, குன்னூர் பக்கம் நிழல்ல ஆள நிறுத்தி எடுத்தா மூஞ்சில நீலம் ஏறித்தான் வரும், ஏன்னா அங்க வெளிச்சம் நேரா சூரியன்ல இருந்து வராம வானத்துல இருந்து வருது, வெயில்ல 5500 கெல்வின் கிட்ட இருக்கற வெளிச்சத்தோட நிற அளவு (எண் ஏற ஏற நீலம் கூடும்) நிழல்ல 7000, 8000னு போயிடும். சரி பண்ண மூணு வழி இருக்கு, என் ஓட்டு ஐட்ராப்பருக்கு (படத்துல ஒரு இடத்த க்ளிக் பண்ணா அத நிறமில்லாத சாம்பல்னு வச்சு மொத்தக் கலரையும் மாத்தற கருவி), ஆனா எத க்ளிக் பண்றோம்ங்கறதுல தான் எல்லாமே இருக்கு.

ஆட்டோ மலைக்கு ஒத்து வராதுங்க. கிம்ப்ங்கற போட்டோ சாஃப்ட்வேர்ல இருக்கற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாவே தெரியற மாதிரி கலர சரி பண்றது) சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் தனித்தனியா இழுத்து விடுது, மூடுபனி படத்துல சுத்தமான கறுப்பும் இருக்காது வெள்ளையும் இருக்காது, அப்புறம் எத வச்சு இழுக்கும், பனியே கலர் கலரா ஆயிடும்.

ஐட்ராப்பர்ல நெறைய பேர் பனி வெள்ளையாத்தானே இருக்குன்னு அதுல வைக்கறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், காலைல பனி நெசமாவே கொஞ்சம் நீலம்தான், அத எடுத்துட்டா தொட்டபெட்டாவோட குளிரே படத்துல இருந்து போயிடும். வெளிச்சத்துல வெளிறிப்போன இடத்துலயும் வைக்காதீங்க, அங்க கலர் தகவலே மிச்சம் இருக்காது. தோடர் சால்வையப் பாத்தா வெள்ளைன்னு தோணும், ஆனா அந்தப் பருத்தித் துணில லேசா சந்தன நிறம் இருந்தா அத க்ளிக் பண்ண உடனே படம் மொத்தமும் நீலமாயிடும், அந்தச் சிவப்பு கறுப்பு பூவேலையும் கெட்டுப்போகும். ஒரு கிரே கார்டு, அதாவது எந்தக் கலரும் ஏறாத சாம்பல் அட்டை, வாங்கி வச்சுக்கோங்க, அதே வெளிச்சத்துல ஒரு ஃப்ரேம் எடுத்து அதுல க்ளிக் பண்ணி மத்த படத்துக்கு எல்லாம் காப்பி பண்ணா வேலை முடிஞ்சுது. ரா (RAW) ஃபைலா, அதாவது கேமரா பதப்படுத்தாத ஃபைலா எடுத்திருந்தா எவ்ளோ மாத்துனாலும் படம் உடையாது, ஏன்னா அங்க ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்பு மட்டும்தான்.

ஜேபெக் மட்டும்தான் கைல இருக்குன்னா கர்வ்ஸ், அதாவது ஒரு கோட்ட வளைச்சு ஒவ்வொரு கலரையும் தனியா ஏத்தி இறக்கற கருவி. ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படிதான், முரட்டுத்தனமா இழுத்தா வானத்துல பட்டை பட்டையா தெரியும், ஆனா நீல சேனல்ல நிழல் பக்கம் மட்டும் கொஞ்சம் இறக்கலாம், வெயில் பட்ட சுவரு அப்படியே இருக்கும். இந்த வசதி டெம்பரேச்சர் ஸ்லைடர்ல கிடையாது, அது எல்லாத்தையும் சேத்து மஞ்சளாக்கிடும்.

தேயிலைத் தோட்டத்துக்குள்ள எடுக்கற போர்ட்ரெய்ட்டுக்கு மேல சொன்ன எதுவுமே தனியா பத்தாது. இலைல பட்டு வர்ற பச்சை தாடைக்குக் கீழ ஏறி நிக்கும், டின்ட்ட (பச்சை-மெஜந்தா ஸ்லைடர்) மெஜந்தா பக்கம் தள்ளுனா தோட்டமே வாடுன மாதிரி ஆயிடும், அதனால மூஞ்சிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்த மட்டும் தேர்ந்தெடுத்து, அங்க மட்டும் தள்ளுங்க, லைட்ரூம் டார்க்டேபிள்ங்கற ரெண்டு போட்டோ சாஃப்ட்வேர்லயும் முடியும், டார்க்டேபிள் இலவசம் வேற. 2018ல கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி பூத்தப்போ எடுத்த ஃபைல் உங்ககிட்ட இருந்தா அதுக்கும் இதே மாஸ்க்தான், நீலம் போகணும்னு படம் முழுக்க சூடு ஏத்துனா முதல்ல சாம்பலாகறது அந்தப் பூதான்.