ராடு மெஷினா, மிக்கா? வயல் ரிப்பேருக்கு வெல்டிங் பழகப் போகிறவர்களுக்கு

மணலி, மாதவரம், திருவொற்றியூர் என்று குடியிருந்துகொண்டு மீஞ்சூர், பொன்னேரி பக்கம் கொஞ்சம் நிலம் பார்க்கிறவர்கள் வட சென்னையில் கணிசம். கலப்பையோ டிரெய்லரோ உடைந்தால் பட்டறைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். சேடை ஓட்டுகிற (நடவுக்கு வயலைச் சேறாக்கி உழுகிற) நேரத்தில் அவர் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் "நாளைக்குக் காலையில வந்துடறேண்ணா" என்பார், அந்த நாளைக்கு எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது. அதனால்தான் சொந்தமாக வெல்டிங் பழகலாமா என்ற யோசனை பலருக்கும் வருகிறது. பூச்சுள்ள ராடை உருக்கி ஒட்டுகிற மெஷினா, ரீலில் இருந்து கம்பி தானாக வருகிற மிக் மெஷினா, எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், ராடு வைத்து அடிக்கிற இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் (வீட்டு யுபிஎஸ் இன்வெர்ட்டர் அல்ல) என்பேன். நான் வாங்கி வைத்திருப்பதும் அதுதான், ஆகவே இந்த அலசலில் தராசு முள் எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேஸ் வெல்டிங்கை முதலில் ஒதுக்கிவிடலாம். வளைந்ததைச் சூடு காட்டி நிமிர்த்த, தடித்த இரும்பை வெட்ட, வார்ப்பிரும்பில் பித்தளை ஊற்றி ஒட்ட அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஆக்சிஜன் ஒன்று, டிஏ எனப்படும் அசிட்டிலீன் ஒன்று என்று இரண்டு சிலிண்டரை, அதுவும் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில், புதிதாகப் பழகுகிறவர் வைத்துக்கொள்வது வேண்டாத வேலை.

ராடு வைத்தே அடிக்கிற பழைய டிரான்ஸ்பார்மர் செட்டு இன்னொன்று. ஆளுயரத்துக்கு இல்லாவிட்டாலும் ஆள் கனம் இருக்கும், சக்கரம் வைத்துத் தள்ள வேண்டும், பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பேஸ் கரண்ட் வேண்டும். ஒரே நன்மை, அது சாகாது. செத்தாலும் உள்ளே இருப்பது செம்புச் சுருள் என்றால் காயலான் கடையில் எடைக்குப் போட்டு ஒரு தொகை பார்க்கலாம், இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் கார்டு போய்விட்டால் அந்தப் பெட்டிக்கு அங்கே அரை மதிப்புகூடக் கிடையாது. ஆனால் எங்கள் மணலி புதுநகரில் 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். இன்வெர்ட்டர் ஐந்தாறு கிலோதான், கையில் தூக்கிப் பரணில் ஏற்றிவிடலாம். டிரான்ஸ்பார்மரை யார் தூக்குவது?

ஆக, போட்டி ராடு இன்வெர்ட்டருக்கும் மிக்குக்கும்தான்.

பழகுவதற்கு எது சுலபம் என்றால் சந்தேகமில்லாமல் மிக். சுவிட்சை அழுத்தினால் கம்பி தானாக வருகிறது, கையை ஒரே வேகத்தில் நகர்த்தினால் போதும், கொஞ்ச நேரத்தில் பார்க்க லட்சணமாக ஒரு ரன், அதாவது வெல்டிங் கோடு, வந்துவிடும். ராடில் அப்படி இல்லை. முதலில் ராடு ஒட்டிக்கொள்ளும், ஆட்டிப் பிடுங்கினால் மேல்பூச்சு உதிரும், உதிர்ந்த ராடு இன்னும் மோசமாக எரியும். தீக்குச்சி உரசுவதுபோல உரசி எழுப்ப வேண்டும். எழுந்த பிறகு, ராடு எரிந்து குட்டையாகிக்கொண்டே வருவதால் கை ஒரே நேரத்தில் முன்னாலும் போக வேண்டும், கீழேயும் இறங்க வேண்டும். ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே அந்த ராடின் தடிமன் அளவுக்கே இடைவெளி இருக்கலாம். அதைத் தாண்டினால் சத்தம் மாறும், பொறி சிதறும். சீராக வெங்காயம் வதங்குகிற சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தால் கை பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மிக்கின் அந்தச் சுலபத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தடித்த இரும்பில் கரண்ட் குறைவாக வைத்து அடித்தால் மேலே அழகாக உட்கார்ந்துவிடும், கீழே இரும்போடு கலந்தே இருக்காது. புதியவருக்கு அது கண்ணால் தெரியாது, லோடு ஏற்றியபோதுதான் தெரியும். ராடில் தப்பாக அடித்தால் பெரும்பாலும் பார்த்தாலே அசிங்கமாக இருக்கும். ராடின் பூச்சு எரிந்து வரும் கசடு உள்ளே மாட்டியிருக்கும், ஓட்டை ஓட்டையாக இருக்கும், அரைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம்.

காற்று விஷயம் தெரிந்ததே. மிக்கில் உருகிய இரும்பைக் காப்பது சிஓடூ வாயு, வயல்வெளிக் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். ராடில் பூச்சே எரிந்து வாயுவும் கசடுமாக மூடிக்கொள்வதால் வரப்போரம் வைத்தும் அடிக்கலாம்.

இவையெல்லாம் சரி, ஆனால் என்னை ராடு பக்கம் தள்ளியது வேறொன்று. நம் மெஷின் வருஷத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கப்போகிறது. நெல் பட்டங்களில் சொர்ணவாரிக்கு முன்னால் கொஞ்சம் வேலை, சம்பாவுக்குச் சேடை ஓட்டும்போது கொஞ்சம், நவரைக்குக் கொஞ்சம். நடுவில் மாதக்கணக்கில் அது ஒரு மூலையில் இருக்கும். பட்டறையில் தினமும் ஓடும் மெஷினை வைத்து எந்த மெஷின் நல்லது என்று பேசுபவர்கள் இதை யோசிப்பதே இல்லை. அதுவும் எண்ணூர்க் கடல் காற்று அடிக்கிற ஊரில். இங்கே புதுப் பூட்டே ஒரு மழைக்காலம் தாண்டினால் சாவியைத் திருப்ப எண்ணெய் கேட்கும்.

மிக்கில் சும்மா கிடந்தால் கெடக்கூடியவை எத்தனை என்று பாருங்கள். 0.8 மில்லி கம்பி ரீலுக்கு மேலே மெல்லிய செம்புப் பூச்சுதான், ஈரக்காற்றில் அது மங்கி, பிறகு துருப்புள்ளி விழ ஆரம்பிக்கும். அந்தத் துரு உருளையில் அரைபட்டுத் தூளாகி லைனர் என்கிற உள்குழாய்க்குள் சேரும். கம்பி திக்கித் திக்கி வரும், வெளியே வரும் முனையான டிப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், பின்னால் உருளை நிற்காமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் கம்பி குருவிக்கூடு மாதிரி சுருண்டு கிடக்கும். கம்பியை வெட்டி, டிப்பை மாற்றி, லைனரை ஊதி, மறுபடி கோத்து, இதற்குள் டிராக்டர்காரர் வாடகைக் கணக்கு பேச ஆரம்பித்துவிடுவார். ரெகுலேட்டரில் சின்னக் கசிவு இருந்தால் சிலிண்டர் தானாகக் காலியாகியிருக்கும். காலியானால் நிரப்புகிற இடத்துக்கு அதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுவும் இல்லை.

ராடு மெஷினில் கெடுவதற்கு இருப்பது ராடு மட்டும். அதுவும் ஈரம் குடிக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். பிரித்துப் போட்ட பாக்கெட்டை மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பூச்சின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும், அடித்தால் படபடவென்று சிதறும், ரன் முழுக்க ஊசித் துளைகள். ஆனால் தீர்வும் எளிது. சாதாரண 6013 ரக ராடு என்றால் 100 டிகிரிக்குச் சற்று மேல் ஒரு மணி நேரம் காய வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும், இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போட்டு வைத்தால் அந்தச் சிரமமும் வராது. 7018 ராடு அப்படியல்ல, அதை 300 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட ஓவன் வேண்டும், ஆரம்பத்தில் அது பக்கமே போக வேண்டாம். ராடு முழுக்கவே போய்விட்டது என்றால் மீஞ்சூர் பஜாரில் ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். "12 நம்பர்" என்றால் 2.5 மில்லி, "10 நம்பர்" என்றால் 3.15 மில்லி.

இன்வெர்ட்டருக்கும் பராமரிப்பு உண்டு. உள்ளே இருக்கும் காற்றாடி தூசியை இழுக்கும், கிரைண்டர் பொடி கார்டில் படிந்தால் ஷார்ட் ஆகும். ஆகவே அரைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மெஷினை வைக்காதீர்கள், அவ்வப்போது புளோயரால் ஊதிவிடுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே போகாமல் துணி போட்டு மூடி வைப்பதும் நல்லது. அடிக்கும்போது துணியை எடுத்துவிட வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு, சேற்றில் ஓட்ட டிராக்டருக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலைச் சொல்கிறேன், நம் பக்கம் அதிகம் உடைவது அதுதான். வளையத்தோடு பட்டை சேருகிற அடியில் மயிரிழையாக விரிசல் விடும், சேறு காய்ந்து மூடியிருப்பதால் பட்டை ஆடும்போதுதான் தெரியும். சேற்றைச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, விரிசலை கிரைண்டரால் பள்ளமாக அரைத்து, இரண்டு முனையிலும் டேக் (சின்னப் பொட்டு வெல்டு) போட்டு, 3.15 ராடில் 110 ஆம்பியர் பக்கம் வைத்து முதல் ரன். கசடைத் தட்டி முழுக்க எடுத்த பிறகே இரண்டாவது ரன். இரும்பைக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் ராடில் குறைவு. மிக் அந்த அளவு அழுக்கைப் பொறுக்காது.

மிக் ஜெயிக்கிற இடத்தையும் சொல்ல வேண்டும். மெல்லிய தகடு. டிராக்டர் மட்காட், மாட்டுத் தொட்டித் தகடு, 1.5 மில்லி ஸ்கொயர் டியூப் இவற்றில் புதியவர் ராடு வைத்தால் ஓட்டைதான் விழும். உங்கள் வேலை பெரும்பாலும் கிரில், கேட், ஷெட் என்றால் என் பேச்சைக் கேட்காமல் மிக்கே வாங்குங்கள். கேஸ் இல்லாமல், உள்ளேயே மருந்து அடைத்த பிளக்ஸ் கம்பியில் ஓடும் மிக்கும் இருக்கிறது. காற்றுப் பிரச்சினையும் சிலிண்டர் பிரச்சினையும் அதில் இல்லை, கம்பியும் லைனரும் கெடும் கதை அப்படியே இருக்கிறது. உறவினர் பட்டறையில் பிடித்துப் பார்த்ததோடு சரி, சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை, ஆகவே அதைப் பற்றி அடித்துப் பேசமாட்டேன்.

விலை கடைக்குக் கடை மாறும். ஒரு பேஸ் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் பத்தாயிரத்துக்குள்ளேயே கிடைக்கும், மிக் என்றால் அதைப்போல இரண்டு மடங்காவது, சிலிண்டர் தனி. 200 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம், சித்திரை வெயிலில் தொடர்ந்து அடித்தால் சூடேறி அதுவே நிற்கும். நமக்கு 130 ஆம்பியர் தாண்டாது என்பதால் பரவாயில்லை. வீட்டில் 16 ஆம்பியர் பிளக், வயலில் 5 கேவிஏ ஜெனரேட்டர் இருந்தால் 2.5 மில்லி ராடு ஓடும். மோட்டார் கொட்டகையில் இருக்கும் இலவச மின்சாரம் பம்பு செட்டுக்காகக் கொடுத்தது, அதில் வெல்டிங் போட்டு வம்பை வாங்காதீர்கள்.

பழக எங்கே போவது? ஐடிஐ வெல்டர் படிப்பு ஒரு வருஷம், வேலைக்குப் போகிறவருக்கு அது. நமக்குத் தெரிந்த பட்டறையில் ஓரமாக உட்கார விட்டால் போதும். காயலான் கடையில் 6 மில்லி பட்டைத் துண்டுகளை எடைக்கு வாங்கி, முதலில் வெறும் கோடு கோடாக ரன் போடுங்கள், அப்புறம் இரண்டு பட்டையை இங்கிலீஷ் டி மாதிரி நிறுத்தி ஒட்டுங்கள், ஒட்டியதைச் சம்மட்டியால் அடித்து உடைத்து உள்ளே பாருங்கள். ஹெல்மெட் கண்ணாடி 10 அல்லது 11 நம்பர் இருட்டு இருக்கட்டும். இல்லாவிட்டால் ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும், உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார வேண்டியதுதான். ஜிஐ பைப்பின் துத்தநாகப் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும், பூச்சை அரைத்துவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். டீசல் டேங்க், பழைய டிரம் எதிலும் கை வைக்க வேண்டாம். ஈர வரப்பில் வெறுங்காலோடு ராடு மாட்டும் ஹோல்டரைப் பிடிக்கவும் வேண்டாம்.

டிராக்டரோடு மாட்டியிருக்கும் பாகத்தில் அடிப்பதாக இருந்தால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்பை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். ரொட்டவேட்டர் பிளேடு உடைந்தால் ஒட்ட முயற்சி செய்யாதீர்கள், அது கடினப்படுத்திய எஃகு, வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி தெறிக்கும். புதுசு வாங்கி மாட்டுவதுதான் லாபம்.