தெருவோர சார்ஜிங்குக்குச் சந்தா கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

உங்கள் தெருவில் மின்வாகன சார்ஜர் வைக்கப்போவதாக நகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறதா? குடியிருப்போருக்கான ஆண்டுச் சந்தா என்று ஒரு படிவமும் கூடவே வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் தெருவில் சொன்னபடி சார்ஜ் கிடைக்கவில்லை, கட்டிய பணமும் திரும்பவில்லை. அத்தோடு, அதுவரை ஒழுங்காக நடந்துகொண்டிருந்த குப்பை எடுப்பும் கெட்டுப்போனது.

எங்கள் வரிசை வீடுகளுக்குச் சொந்தமாக வாகன நிறுத்துமிடம் கிடையாது. கார்கள் தெருவோரம்தான் நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் மின்சார கார் வாங்க நினைப்பவருக்கு, இரவில் எங்கே சார்ஜ் செய்வது என்பதுதான் முதல் கவலை. வீட்டு ஜன்னல் வழியாகக் கேபிளை இழுத்து நடைபாதைக்குக் குறுக்கே போட்டால் வருகிறவர் போகிறவர் தடுக்கி விழுவார்கள். ஆகவே நகராட்சியின் அறிவிப்பை நம்பித்தான் நானும் அக்கம்பக்கத்தார் சிலரும் கார் வாங்கினோம், சந்தாவும் கட்டினோம். இரவு முழுவதும் சார்ஜிங், ஒவ்வொரு சார்ஜர் கம்பத்துக்கும் 7.4 கிலோவாட், பழைய பேட்டரிகளைப் போடுவதற்குத் தனிப் பெட்டி என்றெல்லாம் அந்த அறிவிப்பில் அச்சிட்டிருந்தார்கள். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கம்பங்கள் வந்தன. எங்கள் வீடுகளின் குப்பைத் தொட்டிகளை வண்டிக்காகக் கொண்டுபோய் நிறுத்தும் அதே இடத்தில் அவற்றை நட்டார்கள்.

சக்கரம் வைத்த 240 லிட்டர் தொட்டியை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 58 சென்டிமீட்டர் அகலமும் 73 சென்டிமீட்டர் ஆழமும் இருக்கும். எங்கள் நடைபாதையின் மொத்த அகலமே இரண்டு மீட்டருக்குக் குறைவு. கார் பின்னால் வரும்போது இடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கம்பத்தை ஓரக்கல்லிலிருந்து உள்ளே தள்ளி நட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் தொட்டியையும் நிறுத்தினால், மீதியுள்ள இடைவெளியில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தையை வண்டியில் தள்ளி வருபவரும் சாலையில் இறங்கியாக வேண்டும்.

குப்பை வண்டியின் பாடு இதைவிட மோசம். பின்பக்கம் அழுத்தும் இயந்திரம் பொருத்திய பெரிய வண்டி கண்ணாடிகளைச் சேர்க்காமலே சுமார் இரண்டரை மீட்டர் அகலம் இருக்கும். அது நின்ற பிறகு தொட்டியை நடைபாதையிலிருந்து இறக்கி, பின்புறம் உருட்டிக்கொண்டு போய்த் தூக்கியில் மாட்ட வேண்டும். அதற்கு நிற்கும் கார்களுக்கு நடுவே வழி வேண்டும். எங்கள் தெருவில் அந்த வழியை மறித்துக்கொண்டு கம்பத்துக்கும் காருக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் கேபிள் தொங்குகிறது. ஒரு விடியற்காலையில் இரண்டு தூய்மைப் பணியாளர்கள் நிரம்பிய தொட்டியைக் கையால் தூக்கிக் கேபிளைத் தாண்ட வைத்ததைப் பார்த்தேன். ஈரக் கழிவு நிறைந்த தொட்டி, அதில் ஒருவருக்கு வயதும் ஆகியிருந்தது. அடுத்த வீட்டு அம்மா, "தம்பி, கீழே வையுங்கள், நான் அந்தப் பக்கமாக இழுத்து வருகிறேன்" என்றார். "வேண்டாம் அம்மா, நீங்கள் ரோட்டில் இறங்காதீர்கள், வண்டி பின்னால் எடுக்கிறார்கள்" என்றார் அந்தப் பெரியவர். அவருக்கு இந்த வேலையைக் கூடுதலாகச் சுமத்தியது யார்?

சில வாரங்களில் வண்டி எங்கள் முனையைத் தாண்டிப் போகத் தொடங்கியது. "அணுக வழியில்லை" என்று ஓட்டுநர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புகார்கள் குவிந்ததும் நகராட்சி ஒரு அறிவிப்புப் பலகை வைத்தது. குப்பை எடுக்கும் நாட்களில் முந்தைய இரவு முதல் வண்டி வந்துபோகும் வரை சார்ஜிங் இடத்தில் கார் நிறுத்தக் கூடாதாம், மீறினால் அபராதமாம். மக்கும் குப்பைக்கு ஒரு நாள், மக்காத குப்பைக்கு ஒரு நாள், மறுசுழற்சிப் பொருட்களுக்கு ஒரு நாள் என்று பிரித்து எடுக்கும் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். வாரத்தில் கிட்டத்தட்ட பாதி இரவுகள் போயின. ஆனால் "இரவு முழுவதும்" என்று சொல்லி வாங்கிய சந்தாவில் ஒரு காசும் குறையவில்லை.

மீதி இரவுகளாவது உருப்படியாகக் கிடைத்தனவா என்றால் அதுவும் இல்லை. 7.4 கிலோவாட் என்பது ஒரு கம்பத்துக்கு. கம்பத்தில் இருப்பதோ இரண்டு இணைப்புகள். இரண்டு கார்களைச் செருகினால் ஆளுக்கு 3.7 தான். ஒரு கிலோவாட் வீதம் ஒரு மணி நேரம் ஏறினால் ஒரு யூனிட். 40 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து முழுமையாக நிரப்ப 32 யூனிட் வேண்டும். 7.4 கிலோவாட்டில் நாலரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை, பகிர்ந்தால் ஒன்பது மணி நேரத்தை நெருங்கிவிடும். வெப்பமாக வீணாவதையும் கணக்கில் எடுத்தால் இன்னும் கூடும். மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது தவறான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. தெருவின் மின் இணைப்பு தாங்குகிற அளவுக்குத்தான் கொடுக்க முடியும். அதைப் படிவத்தில் எழுதாமல் பணம் வாங்கியதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

இதற்கு மேல் தாமதக் கட்டணம் வேறு. பேட்டரி நிறைந்த பிறகும் கேபிளைக் கழற்றாவிட்டால் நிமிடக் கணக்கில் பணம் ஏறுகிறது. பொது இடத்தில் பகல் நேரத்துக்கு அது நியாயமான விதி. அடுத்தவர் காத்திருப்பார். ஆனால் குடியிருப்போருக்கான இரவு நேரச் சந்தாவிலும் அதே விதியைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கார் இல்லாத இரவில் நள்ளிரவு தாண்டியதும் பேட்டரி நிறைந்துவிடும். தூக்கத்திலிருந்து எழுந்து போய்க் காரை நகர்த்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களா?

புகாரோடு போனால், சார்ஜரை நடத்தும் ஒப்பந்த நிறுவனம் "இடம் நகராட்சியுடையது, அவர்கள் தடை போட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்" என்கிறது. நகராட்சியோ "சந்தா வாங்கியது நிறுவனம், அவர்களிடம் கேளுங்கள்" என்கிறது. படிவத்தின் பின்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில், சேவை நேரம் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று ஒரு வரி இருக்கிறது. இருவரும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

உண்மை தெரிய வேண்டும் என்பதற்காக எழுதிக் கேட்டு இரண்டு வரைபடங்களை வாங்கினோம். பொறியியல் பிரிவின் வரைபடத்தில் கம்பம், கேபிள் பள்ளம், தெருவிளக்கு, மரம், மழைநீர் வடிகால் எல்லாம் இருக்கின்றன. குப்பைத் தொட்டி நிற்கும் இடம் மட்டும் இல்லை. சுகாதாரப் பிரிவின் வழித்தட வரைபடத்தில் அதே முனையில் எடுப்பு இடம் என்று தெளிவாகக் குறித்திருக்கிறது. அதில் சார்ஜர் இல்லை. ஒரே கட்டடத்தில் இயங்கும் இரண்டு பிரிவுகள் ஒரே ஓரக்கல்லை இரண்டு வேலைகளுக்கு ஒதுக்கியிருக்கின்றன. ஒரு காகிதத்தின் மேல் இன்னொன்றை வைத்து யாராவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

பேட்டரிப் பெட்டியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பெட்டி வந்தது, நிறைந்தது, காலி செய்ய ஆள் வரவில்லை. குப்பை என்றால் சுகாதாரப் பிரிவு என்று ஒருவரும், சார்ஜர் ஒப்பந்தத்தோடு வந்த பெட்டி என்று மற்றவரும் கைகழுவிவிட்டார்கள். பெட்டியில் இடமில்லாததால் சிலர் பவர் பேங்க், பழைய கைபேசி பேட்டரி எல்லாவற்றையும் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போடத் தொடங்கினார்கள். லித்தியம் அயனி பேட்டரியை வண்டியின் இயந்திரம் நசுக்கினால், உள்ளே இரு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய படலம் கிழிந்து குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். சூடேறி, அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பித் தீப்பிடிக்கும். சுற்றியிருப்பதெல்லாம் காகிதமும் பிளாஸ்டிக்கும். பணியாளர்கள் நிற்பது அந்த வண்டிக்குப் பின்னால்தான். எங்கள் வண்டியில் இன்னும் அப்படி நடக்கவில்லை, நடக்கவும் கூடாது. பேட்டரியின் மேல் குறுக்குக் கோடு போட்ட தொட்டிச் சின்னம் இருந்தால், அதைப் பொதுக் குப்பையில் போடக் கூடாது என்று பொருள். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் நேரில் கொடுங்கள். உப்பிப்போன பேட்டரியைப் பெட்டிக்குள் திணிக்கவே திணிக்காதீர்கள்.

உங்கள் தெருவின் நடைபாதையில் பெயின்ட் புள்ளிகளும் அம்புக்குறிகளும் தென்பட்டால் அளவெடுப்பு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் தோண்டுவதற்கு முன்பே அளவுகளோடு கூடிய வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். தோண்டிய பிறகு ஒரு கம்பத்தை நகர்த்த வேண்டுமென்றால் புதுப் பள்ளம், புதுக் கேபிள், புது அனுமதி என்று ஆகும், அதை யாரும் செய்ய மாட்டார்கள். தொட்டி நிற்கும் இடத்தை அந்த வரைபடத்தில் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் வண்டி ஓட்டுநரிடமே போய், "ஐயா, இங்கே கம்பம் வந்தால் உங்களால் எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். எங்கள் திட்டத்தில் யாருமே அவரைக் கேட்கவில்லை. சந்தாப் படிவம் வந்தால், எழுதியிருக்கும் கிலோவாட் கம்பத்துக்கா இணைப்புக்கா, தடை போட்ட நாட்களுக்குப் பணம் திரும்புமா, இரவிலும் தாமதக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை எங்களிடம் பிறகு ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் கார் சாதாரண சார்ஜரில் எவ்வளவு மின்சாரம் ஏற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 3.3 கிலோவாட்டுக்கு மேல் ஏற்காத காருக்கு 7.4 சந்தா கட்டிப் பயனில்லை.

இப்போதைய நிலவரம் இதுதான்: தொட்டிகளுக்கு எதிர்ப்பக்கம் தனி இடம் குறித்துத் தருவதாக வார்டு உறுப்பினர் மன்றக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கியிருக்கிறார், கோடு இன்னும் போடவில்லை. பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று நிறுவனம் எழுத்தில் மறுத்துவிட்டது. அந்தக் கடிதம், அறிவிப்பு, ரசீது, இரண்டு வரைபடங்கள் எல்லாவற்றையும் இணைத்து, சந்தா கட்டிய அனைவரும் கையெழுத்திட்டு நுகர்வோர் குறைதீர் அமைப்பில் மனு கொடுக்கிறோம். அதே நிறுவனம் அடுத்த கட்டமாக வேறு தெருக்களில் படிவம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.