ஆரல்ஸுக்கு "சர்வேயர் வாரியா கேள்வி பதில்" பேக்கேஜ் வாங்கப் போறீங்களா, முதல்ல இதைப் படிங்க

ஆரல்ஸுக்கு, அதாவது மரைன் இன்ஜினியர் டிக்கெட்டுக்கான (தகுதிச் சான்றிதழ்) வாய்மொழித் தேர்வுக்கு, படிச்சிட்டு இருக்குற தம்பிங்க, வாட்ச்கீப்பிங் டிக்கெட்டா இருந்தாலும் சரி செகண்ட் இன்ஜினியர் டிக்கெட்டா இருந்தாலும் சரி, யாருக்கும் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிடுங்க. "கேரண்டி பாஸ்", "எந்த சர்வேயர் (தேர்வு எடுக்குற அதிகாரி) என்ன கேப்பாருன்னு தனித்தனி ஃபைல்", "ரிட்டயர்டு சீஃப் இன்ஜினியர் எடுக்குற மாக் ஆரல்ஸ் (மாதிரித் தேர்வு)" அப்படின்னு ஒரு பேக்கேஜ் குரூப் குரூப்பா சுத்திட்டு இருக்கு. நான் முழு காசும் கட்டி வாங்குனேன், நல்லா ஏமாத்திட்டாங்க. காசு போனது ஒரு பக்கம். அந்த நோட்ஸ்ல இருக்குற ஒரு பதிலை யாராவது நம்பி கப்பல்ல செஞ்சா உயிர் போயிடும், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

இவங்க யாரைப் பிடிக்கிறாங்கன்னா சைன் ஆஃப் ஆகி (கப்பல் வேலை முடிஞ்சு இறங்கி) வந்து, ரிட்டன் (எழுத்துத் தேர்வு) முடிச்சிட்டு, ஆரல்ஸ் தேதிக்கு காத்திருக்குறவங்களைத்தான். கூட படிச்சவன் எல்லாம் கடல்ல இருப்பான், சந்தேகம் கேக்க ஆள் இருக்காது, அடுத்த கப்பலுக்கு கம்பெனி வேற கேட்டுட்டே இருக்கும், சரியா அந்த நேரம் பாத்து மெசேஜ் வரும். லைவ் கிளாஸ், புது நோட்ஸ், எந்நேரமும் டவுட் கேக்கலாம்னு சொன்னாங்க. காசு போனதும் வந்தது ஒரு ஃபோல்டர் லிங்க் மட்டும். உள்ள பழைய ரெக்கார்டிங், யாரோ பிடிஎஃப்பை திறந்து வச்சு அப்படியே வாசிக்கிறாரு. சீஃப்னு சொன்ன ஆள் ஒரு தடவை கூட கேமரா போடல. நீங்க எந்த இன்ஜின்ல சார் செயில் பண்ணீங்கன்னு மரியாதையாத்தான் கேட்டேன், "அது உங்களுக்கு தேவையில்லாதது, சிலபஸ் மட்டும் கேளுங்க"ன்னு பதில் வந்துச்சு. கப்பல்ல நிஜமா ஓடுன எந்த சீஃபும் அந்தக் கேள்விக்கு அப்படி பதில் சொல்லமாட்டாரு, எந்த மெயின் இன்ஜின், எந்த பியூரிஃபயர் தொல்லை கொடுத்துச்சுன்னு அரை மணி நேரம் பேசுவாரு.

மாக் ஆரல்ஸ் இன்னும் மோசம். லிஸ்ட்ல இருந்து ஒரு கேள்வி, நாம என்ன சொன்னாலும் "ஓகே, நெக்ஸ்ட்". எமர்ஜென்சி ஜெனரேட்டர் எத்தனை செகண்ட்ல லோடு எடுக்கணும்னு கேட்டப்போ வேணும்னே 90னு சொல்லிப் பாத்தேன். சோலாஸ்ல (கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) 45 செகண்டுன்னு இன்ஜின் ரூம் ட்ரெய்னிக்கே தெரியும். அதுக்கும் ஓகே, நெக்ஸ்ட்.

அப்புறம்தான் அந்த நோட்ஸை ஒவ்வொரு பக்கமா பாத்தேன். பக்கத்துக்கு கீழ வேற யாரோ லோகோவை வெள்ளையா அழிச்சிருக்காங்க, சில பக்கத்துல அரைகுறையா இன்னும் தெரியுது, அதாவது அவங்களே எழுதுனது கிடையாது, எங்கிருந்தோ எடுத்து அட்டையில மட்டும் "லேட்டஸ்ட் எடிஷன்"னு போட்டிருக்காங்க. உள்ள ஃப்யூல் சல்ஃபர் லிமிட் 3.50 சதவீதம்னு இருக்கு! அது 2020 ஜனவரி 1லேயே 0.50 ஆயிடுச்சு. ஈசிஏ (புகை மாசுக் கட்டுப்பாடு கடுமையா இருக்குற கடல் பகுதி) உள்ள 2015ல இருந்து 0.10. மத்தியதரைக் கடல் 2025 மே 1ல இருந்து சல்ஃபர் ஈசிஏ, அதைப் பத்தி ஒரு வரி கிடையாது. பேலஸ்ட் வாட்டர் கன்வென்ஷன் (கப்பல் சமநிலைக்கு ஏத்துற தண்ணி பத்தின ஒப்பந்தம்) "இன்னும் அமலுக்கு வரல"ன்னு எழுதியிருக்கு, அது வந்தது 2017 செப்டம்பர் 8. இந்த பதிலோட உள்ள போனா சர்வேயர் என்ன நினைப்பாரு, இவன் கடைசியா எப்ப கப்பல் ஏறுனான்னுதானே நினைப்பாரு.

சரி, நம்பர் தப்பா இருந்தா மார்பால் (கப்பல் மாசு தடுப்பு ஒப்பந்தம்) புக்கைப் பாத்து திருத்திக்கலாம். திருத்த முடியாத பிரச்சனை வேற ஒண்ணு. ஆரல்ஸ்ங்கிறது கேள்வி பதில் கிடையாது, ஒரு கேள்வியோட வால்ல அடுத்த கேள்வி வந்துட்டே இருக்கும். என் ஆரல்ஸ்ல சர்வேயர் என்கிட்ட ஸ்டியரிங் கியர் (ரட்டரை, அதாவது சுக்கானைத் திருப்புற மெஷின்) டெஸ்ட் கேட்டாரு. ஃபுல் லோடு டிராஃப்ட்ல, மேக்சிமம் அஹெட் சர்வீஸ் ஸ்பீடுல, ஒரு பக்கம் 35 டிகிரில இருந்து அடுத்த பக்கம் 30 டிகிரிக்கு 28 செகண்டுக்குள்ள வரணும்னு சொன்னேன். நோட்ஸ்ல அதோட முடிஞ்சுது. அவரு அமைதியா, "ஏன் 30? அந்தப் பக்கமும் 35 வரைக்கும் ஏன் டைம் எடுக்கல?"ன்னு கேட்டாரு. ரட்டர் சொன்ன ஆங்கிளை நெருங்கும்போது ஹன்டிங் கியர் (ரட்டர் எங்க வந்திருக்குன்னு பம்புக்குத் திருப்பிச் சொல்ற அமைப்பு) பம்ப் ஸ்ட்ரோக்கை குறைச்சிட்டே வரும், கடைசி சில டிகிரி மெதுவாத்தான் போகும், அதனால ஓட்டத்துலேயே கடந்து போற 30ஐ வச்சு டைம் எடுத்தா அளவு தெளிவா இருக்கும், இதுதான் விஷயம். இதைத் தாண்டுனா அடுத்து உன் கப்பல்ல ஸ்டியரிங் கியர் ராம் டைப்பா ரோட்டரி வேனா, எமர்ஜென்சி ஸ்டியரிங் எங்க இருந்து எப்படி மாத்துவ, கடைசியா ட்ரில் எப்ப பண்ணீங்கன்னு போகும். காசு கொடுத்து வாங்குன அத்தனை பக்கத்துலயும் "ஏன்"ங்கிற கேள்விக்கு பதிலே கிடையாது. "இந்த சர்வேயர் இந்தக் கேள்விதான் கேப்பாரு"ன்னு ஃபைல் விக்கிறாங்களே, முதல் கேள்வி அதுவாவே இருந்தாலும் மூணாவது கேள்வி நம்ம வாயில இருந்து வர்ற பதிலைப் பொறுத்து மாறும், அதை எவனும் ஃபைல்ல எழுதி விக்க முடியாது.

இப்ப உயிர் போற விஷயத்துக்கு வர்றேன். ஆயில் மிஸ்ட் டிடெக்டர் (கிராங்க்கேஸ், அதாவது இன்ஜினோட கீழ்ப் பெட்டிக்குள்ள எண்ணெய் மூட்டம் சேர்றதைக் கண்டுபிடிக்கிற கருவி) அலாரம் வந்தா என்ன செய்வீங்கன்னு ஒரு கேள்வி, அதுக்கு அந்த நோட்ஸ்ல "இன்ஜினை நிறுத்தி உடனே கிராங்க்கேஸ் டோர் திறந்து ஹாட் ஸ்பாட் எங்கேன்னு பாக்கணும்"னு அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கு. தம்பி, இதை மட்டும் செஞ்சிடாதீங்க. பேரிங்கோ பிஸ்டனோ சூடாகி, அந்த சூட்டுல எண்ணெய் ஆவியாகி, குளிர்ந்த இடத்துல வெள்ளை மிஸ்ட்டா நிக்குது. உள்ள இருக்குற மிஸ்ட் எரியுற அளவைத் தாண்டி அடர்த்தியா கூட இருக்கலாம், நாம டோரைத் திறந்து புதுக் காத்தை விட்டா எரியுற கலவைக்கு இறங்கிடும், பத்த வைக்க ஹாட் ஸ்பாட் அங்கேயே சூடா உக்காந்திருக்கு. ஸ்லோ டவுன் பண்ணணும், பிரிட்ஜுக்கு சொல்லி அனுமதி வாங்கி நிறுத்தணும், டோர் பக்கம், ரிலீஃப் வால்வு பக்கம் ஒருத்தனும் நிக்கக் கூடாது, இன்ஜின் ரூமை விட்டு ஆளை வெளிய அனுப்பணும், ஃபயர் ஃபைட்டிங் ரெடியா இருக்கணும், இன்ஜின் ஆறுற வரைக்கும், குறைஞ்சது 20 நிமிஷமாவது, டோரைத் தொடவே கூடாது. மீதி ஸ்டெப்ஸ் அந்த இன்ஜின் மேனுவல்ல வரிசையா இருக்கு, அதைத்தான் மனப்பாடம் பண்ணணும். 1947ல ரீனா டெல் பசிஃபிகோ கப்பல் பெல்ஃபாஸ்ட் பக்கத்துல ட்ரையல் ஓடும்போது கிராங்க்கேஸ் வெடிச்சு 28 பேர் செத்துப் போனாங்க. இந்தப் பாடமெல்லாம் அப்படி உயிரைக் கொடுத்து வந்தது, அதை ஒருத்தன் தப்பா காப்பி பண்ணி காசுக்கு விக்கிறான்னு நினைச்சா இப்பவும் எனக்கு கை நடுங்குது.

ரிசல்ட் ஃபெயில். குரூப்ல போய் இந்தத் தப்பை எல்லாம் பக்க நம்பரோட போட்டேன், மத்தவங்களாவது திருத்திக்கட்டும்னு. கொஞ்ச நேரத்துல மெசேஜ் டெலீட், நான் குரூப்லயே இல்ல. காசைத் திருப்பிக் கேட்டதுக்கு "நீங்க சரியா படிக்கல, கேரண்டி எல்லா மாக்கும் அட்டெண்ட் பண்ணவங்களுக்கு மட்டும்"னு சொன்னாங்க, அவங்க நடத்தாம விட்ட மாக்கை எப்படிய்யா அட்டெண்ட் பண்றது.

இதுக்கு அப்புறம்தான் நிஜ முகம் தெரிஞ்சுது. வேற நம்பர்ல இருந்து ஒருத்தர் பேசுனாரு, என் பேர், என் எக்ஸாம் விவரம் எல்லாம் கரெக்டா சொல்றாரு. "சார், அடுத்த தடவைக்கு நமக்கு உள்ள ஆள் இருக்கு, தனியா கொஞ்சம் கட்டுனா பாத்துக்கலாம்"னாரு. முதல் பேக்கேஜே இதுக்கு தூண்டில்தான்னு எனக்குத் தோணுது, ஃபெயில் ஆனவன் பயத்துல இருப்பான், அவன்கிட்ட ரெண்டாவது தடவை பறிக்கலாம். இதுக்கு மட்டும் சம்மதிக்கவே சம்மதிக்காதீங்க. எஸ்டிசிடபிள்யூ (கடலோடிகளோட பயிற்சி, சான்றிதழ் பத்தின சர்வதேச ஒப்பந்தம்) ரெகுலேஷன் ஒன்-ஃபைவ்லயே மோசடியா சர்டிபிகேட் வாங்குனா தண்டனை இருக்கணும்னு இருக்கு, டிக்கெட் மொத்தமா போயிடும், அந்த ஆள் போனை ஆஃப் பண்ணிட்டு போயிடுவான். முக்கியமா இன்னொண்ணு, "ரெஜிஸ்ட்ரேஷனுக்கு"ன்னு சொல்லி பாஸ்போர்ட், சீமேன் புக், சீ சர்வீஸ் லெட்டர் ஸ்கேன் எல்லாம் கேப்பாங்க. கொடுக்காதீங்க. பாடம் சொல்லிக் கொடுக்க பாஸ்போர்ட் எதுக்கு? ஏற்கனவே கொடுத்தவங்க கம்பெனிக்கும் சர்டிபிகேட் கொடுக்குற ஆபீஸுக்கும் எழுத்துல சொல்லி வச்சிடுங்க, நான் அப்படித்தான் பண்ணேன்.

கோச்சிங்கே வேண்டாம்னு சொல்லல, நல்லா சொல்லிக் கொடுக்குற பழைய சீஃப்கள் இருக்காங்க. காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் உக்காந்து பாக்க விடுவாங்களான்னு கேளுங்க. உக்காந்ததும் நீங்களே ஒரு சங்கிலிக் கேள்வி போடுங்க, எமர்ஜென்சி ஜெனரேட்டர்ல ஆரம்பிச்சு, ரெண்டாவது ஸ்டார்டிங் மீன்ஸ் (அதை ஸ்டார்ட் பண்ற ரெண்டாவது வழி) எதுக்கு, அதுல 30 நிமிஷத்துக்குள்ள எத்தனை ஸ்டார்ட் வரணும், கார்கோ கப்பல்ல ஏன் 18 மணி நேரம் ஓடணும், போர்ட்ல பிளாக் அவுட் பண்ணாம எப்படி டெஸ்ட் பண்றதுன்னு போங்க. தெரிஞ்சவரு சந்தோஷமா பேசுவாரு, நோட்ஸ் விக்கிறவன் ரெண்டாவது கேள்வியிலேயே எரிஞ்சு விழுவான். கப்பல்ல இருக்குறவங்க சைன் ஆஃபுக்கு முன்னாடியே பில்ஜ் லைன், ஃப்யூல் லைன், ஃபயர் லைன் ட்ரேஸ் பண்ணி கையால வரைஞ்சு வச்சுக்கோங்க, இன்டர்நேஷனல் ஷோர் கனெக்ஷன் (கரையில இருந்து தீயணைப்புத் தண்ணி எடுக்குற இணைப்பு) எங்க மாட்டியிருக்குன்னு பாத்து தொட்டுட்டு வாங்க, 178 மில்லிமீட்டர் ஃப்ளேஞ்சுன்னு சொல்றவனை விட "சார், எங்க கப்பல்ல ஃபயர் கன்ட்ரோல் ஸ்டேஷன்ல இருக்கு, நாலு போல்ட்டும் கூடவே இருக்கு"ன்னு சொல்றவனை சர்வேயர்களுக்குப் பிடிக்கும்.

அந்த பேக்கேஜ் இப்ப வேற பேர்ல ஓடுது, போன வாரம் கூட ஒரு ஜூனியர் எனக்கு ஃபார்வர்டு பண்ணி நல்லதா அண்ணான்னு கேட்டான். திறந்து பாத்தா அதே அழிச்ச லோகோ, அதே 3.50 சல்ஃபர். ஏற்கனவே வாங்கி வச்சிருக்குறவங்க அந்த ஆயில் மிஸ்ட் பக்கத்தை மொதல்ல தூக்கிப் போட்டுட்டு உங்க மெயின் இன்ஜின் மேனுவல்ல இருந்து அந்தப் பகுதியை எழுதி அந்த இடத்துல வச்சிடுங்க, உங்ககிட்ட இருந்து காப்பி வாங்குனவங்களுக்கும் இன்னைக்கே சொல்லிடுங்க.