நுரையீரல் சி.டி. ஆஞ்சியோ: இந்த சென்டருக்கு நாலு நட்சத்திரம்

அத்தைக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் சி.டி. மெஷின் இல்லை. திடீரென்று மூச்சு வாங்கி ஆக்சிஜன் இறங்கியதும், நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, சாய மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவுக்காக ஆம்புலன்ஸில் இங்கே அனுப்பினார்கள். ராத்திரி நேரம். அத்தையை மேஜையில் படுக்க வைக்கும்வரை யாரும் பில் பேச்சே எடுக்கவில்லை. அதற்கே ஒரு நட்சத்திரம்.

கையில் ஏற்கெனவே இருந்த மெல்லிய நீல வென்ஃப்ளானை (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் ஊசிக்குழாய்) பார்த்த டெக்னீஷியன், "இது தாங்காதும்மா" என்று முழங்கை மடிப்பில் அதைவிடத் தடித்த பச்சை ஒன்று போட்டார். சாய மருந்தை மெஷின் விநாடிக்கு நாலைந்து மில்லி வேகத்தில் தள்ளுமாம். "உடம்பெல்லாம் சூடாகும், ஒண்ணுக்குப் போன மாதிரி இருக்கும், ஆனா போயிருக்காது, பயப்படாதீங்க பாட்டி" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூச்சை அடக்கச் சொல்லும் பதிவுக்குரல் ஆங்கிலத்தில் வந்தது. அத்தை முழிப்பதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு அவரே மைக்கில், "அப்படியே மூச்சை நிறுத்துங்க" என்றார். ஸ்கேன் என்னவோ சில விநாடிதான்.

படம் வந்த கையோடு ரேடியாலஜி டாக்டர் எங்கள் டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார். ரிப்போர்ட் அப்புறம் வந்தது. அதில் 'கனாட்லி ஸ்கோர் 14/40, 35 சதவீதம்' என்றிருந்தது. கொரோனா காலத்தில் நுரையீரல் பாதிப்பு 25க்கு எத்தனை என்று கேட்டுப் பழகியவர்கள் அல்லவா, நுரையீரலே 35 சதவீதம் போய்விட்டது என்று கொழுந்தனார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ரேடியாலஜி டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு ஸ்கிரீனில் காட்டினார். சாயம் ஏறிய குழாய் வெள்ளை. நடுவே சாம்பல் நிறத்தில் நீளமாகக் கிடந்தது கட்டி. ஸ்கோர் கணக்கையும் சொன்னார்: ஒரு நுரையீரலுக்குப் பத்து சிறு ரத்தக்குழாய்க் கிளை, இரண்டுக்கும் இருபது. ஒவ்வொரு கிளையிலும் பகுதி அடைப்புக்கு 1, முழு அடைப்புக்கு 2, ஆக அதிகபட்சம் 40. பெரிய கிளையில் கட்டி இருந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாக் கிளைகளும் கணக்கில் சேரும். கனாட்லி என்ற டாக்டரும் அவர் குழுவும் பிரான்ஸில் 2001இல் வெளியிட்ட முறையாம். "இது அடைப்போட கணக்குதான், நுரையீரல் கெட்டுப்போன கணக்கு இல்ல. எனக்கு இதைவிட இதயத்தோட வலது பக்கம் முக்கியம்" என்று அடுத்த வரியைக் காட்டினார். வலது கீழறைக்கும் இடது கீழறைக்கும் உள்ள அகல விகிதம் 0.8. ஒன்றைத் தாண்டினால்தான் வலது பக்கம் திணறுகிறது என்று கவலைப்படுவார்களாம். இரத்த அழுத்தமும் நன்றாக இருந்ததால், கட்டியைக் கரைக்கும் ஊசி வேண்டாம், ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போதும் என்று எங்கள் டாக்டர் முடிவெடுத்தார்.

ஐந்தாவது நட்சத்திரம் ஏன் இல்லை? இவ்வளவு நன்றாக வாயால் சொன்னதில் ஒரு வரிகூட ரிப்போர்ட்டில் இல்லை. வலது இதய அளவு இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடக்கிறது; ஸ்கோர் மட்டும் கொட்டை எழுத்தில். இதை மாற்றுங்கள். ஸ்கேன் அறையில் ஏசி குளிருக்குப் போர்வை கேட்டால் இல்லை என்கிறார்கள், ஆபரேஷன் ஆன வயசானவர்களை இப்படியா நடுங்க விடுவது?

போகிறவர்கள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், சாயம் ஏற்றுமுன் கேட்பார்கள். படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிம் மட்டும்தான் தானாகத் தருகிறார்கள்.